தருமபுரியில் இருந்துகொண்டு டைட்டானியம் ரோடு சைக்கிள் கட்டுவது எப்படி: அளவு, ஆர்டர், சுங்கம், அசெம்பிளி, முதல் ஏற்றம்

பிரேம் எங்கே செய்கிறார்கள், மொத்தம் எவ்வளவு ஆகும், சுங்கத்தில் மாட்டிக்கொள்ளாதா? தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என் வண்டியைப் பார்த்ததும் கேட்பது இந்த மூன்றைத்தான். ரோட்டோரம் நின்று சொல்லி முடிகிற பதில் இல்லை. தமிழில் எழுதி வைத்தவர் யாரும் கிடைக்காமல் நான் ஒவ்வொன்றாக விசாரித்து அலைந்த விஷயங்களை, நீங்கள் அலையாமல் இருக்க, வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நகரத்துக்காரர் வண்டி நின்றால் பக்கத்துத் தெருக் கடையில் விட்டுவிட்டு ஆபீஸ் போய்விடுவார். நமக்கு ஒரு சின்ன பேரிங் வேண்டுமென்றாலும் ஓசூர் தாண்டி பெங்களூரு. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே அளவுகோல்தான்: வீட்டுத் திண்ணையில் வைத்துக் கழற்றி மாட்ட முடியாத எதையும் இந்தப் பிரேமுக்குள் அனுமதிக்காதீர்கள். விலையைவிட, எடையைவிட இதுதான் முக்கியம்.

1. டைட்டானியம் உங்களுக்கு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

டைட்டானியத்தின் அடர்த்தி இரும்பில் கிட்டத்தட்ட 60 சதவீதம். அலுமினியத்தைவிடக் கனம். ரோடு பிரேம் ஒன்று பெரும்பாலும் 1.4 முதல் 1.6 கிலோவுக்குள் வரும். நல்ல கார்பன் பிரேம் இதைவிட இலேசு. ஆகவே எடை குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இந்தப் பணத்தைக் கார்பனில் போடுங்கள்.

டைட்டானியத்துக்குப் பணம் கொடுப்பது வேறு காரணங்களுக்காக. துருப்பிடிக்காது. பெயின்ட் தேவையில்லை. பஸ் டிக்கியிலோ ரயிலிலோ போட்டு எடுத்துப் போனாலும் சின்னக் கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஒழுங்காக வெல்டிங் செய்த பிரேம் பல வருடம் உழைக்கும்.

அளவு கொடுத்துச் செய்வது யாருக்குப் பயன்? உயரம் 160, 165 சென்டிமீட்டர் உள்ளவர்களுக்கு முதலில். கடைகளில் வரும் சின்ன சைஸ் பிரேம்களில் மெதுவாகத் திருப்பும்போது ஷூ முனை முன் டயரில் உரசும். கொண்டை ஊசி வளைவில் ஊர்ந்து ஏறும்போது அப்படி உரசினால் கீழே விழ வேண்டியதுதான். நம்மூரில் பெண்களுக்கும் உயரம் குறைந்த ஆண்களுக்கும் இது தினசரிப் பிரச்சினை. அடுத்து, கை நீளம் கால் நீளம் சராசரிக்கு விலகி இருப்பவர்கள். 90 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள். மற்றவர்களுக்குக் கடையில் கிடைக்கும் சைஸே போதும். அப்படிப் பொருந்துகிறவர் இதோடு நிறுத்திக்கொண்டு மிச்சப்படும் பணத்தில் நல்ல சக்கரம் வாங்கலாம்.

2. உடம்பு அளவைக் காகிதத்தில் வாங்குங்கள்

இதைச் செய்யாமல் பிரேம் செய்பவருக்கு ஒரு மெயில்கூட அனுப்பாதீர்கள். உயரமும் கால் நீளமும் மட்டும் கேட்டு "நாங்களே வரைந்து தருகிறோம்" என்று சொல்வார்கள். வரைவார்கள்தான். ஆனால் உங்கள் முதுகு எவ்வளவு வளையும், எந்த முட்டி வலிக்கும் என்பது அந்த இரண்டு எண்ணிலும் இல்லை.

பைக் ஃபிட்டிங் செய்யும் இடங்கள் பெங்களூரில் இருக்கின்றன. கட்டணம் சில ஆயிரங்களில் தொடங்கும். இப்போது ஓட்டும் சைக்கிள், ஷூ, கிளீட் (ஷூவின் அடியில் பெடலைப் பிடிக்கும் பட்டை), வழக்கமாகப் போடும் சைக்கிள் டிரவுசர் எல்லாம் எடுத்துப் போங்கள். தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்கு ஓசூர் வழியாகப் போகும் ரயில் உண்டு. முன் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டால் எடுத்துப் போவது எளிது. கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் இல்லை, அங்கிருந்து பஸ் டிக்கிதான்.

ஃபிட்டிங் முடிந்ததும் இந்த எண்களை எழுத்தில் வாங்குங்கள்: சீட் உயரம், பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் கைகள் சுழலும் அச்சு இருக்கும் இடம்) பின்னால் சீட் எவ்வளவு தள்ளி இருக்கிறது, சீட் முனையிலிருந்து ஹேண்டில்பார் தூரம், சீட்டைவிட ஹேண்டில்பார் எவ்வளவு தாழ்வு, கிராங்க் (பெடல் மாட்டும் கை) நீளம், ஹேண்டில்பார் அகலம். "உங்களுக்கு 52 சைஸ்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் ஏற்காதீர்கள். 52 என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மில்லிமீட்டர் மாறாது.

3. வரைபடம்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

ஆர்டர் உறுதியாகும் முன் பிரேமின் வரைபடம் ஒன்று வரும். அதில் கையெழுத்துப் போட்டபின் எதையும் மாற்ற முடியாது. டைட்டானியக் குழாயை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். அவசரப்படுத்தினாலும் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வரி வரியாகப் பார்க்க வேண்டியவை கீழே.

ரீச், ஸ்டாக். ஹெட் ட்யூபின் (ஃபோர்க் நுழையும் முன் குழாய்) மேல்முனை பாட்டம் பிராக்கெட்டிலிருந்து எவ்வளவு முன்னால் என்பது ரீச், எவ்வளவு உயரத்தில் என்பது ஸ்டாக். இந்த இரண்டு எண்ணும் உங்கள் ஃபிட்டிங் எண்களோடு ஒத்துப்போகிறதா என்று, 90 அல்லது 100 மி.மீ. ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) போட்டுக் கணக்கிடச் சொல்லுங்கள். ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் வளையங்கள் 15, 20 மி.மீ. வருகிற மாதிரி வரையச் சொன்னால், பிற்காலத்தில் மேலே கீழே மாற்றிக்கொள்ள இடம் இருக்கும்.

ஷூ உரசல். "ஃப்ரண்ட் சென்டர்" என்ற எண்ணைக் கேளுங்கள். பாட்டம் பிராக்கெட்டிலிருந்து முன் சக்கர அச்சு வரை உள்ள தூரம் அது. கணக்கு எளிது. 700×32 டயரின் ஆரம் 343 மி.மீ. கிராங்க் 165. பெடல் அச்சுக்கு முன்னால் ஷூ சுமார் 100 மி.மீ. நீளும். மூன்றையும் கூட்டினால் 608. ஃப்ரண்ட் சென்டர் அதை ஒட்டி வந்தால் கவலை இல்லை. மிகவும் குறைந்தால் ஹெட் ட்யூபின் கோணத்தைச் சற்றுச் சாய்த்து, ரேக் (அச்சு முன்னால் தள்ளியிருக்கும் அளவு) அதிகமுள்ள ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) போடச் சொல்லுங்கள். இந்தத் திருத்தத்துக்காகத்தான் கஸ்டம் பிரேமுக்கே போகிறோம்.

ஃபோர்க். எந்த ஃபோர்க் என்று முடிவாகாமல் பிரேம் வரையக் கூடாது. ஃபோர்க்கின் உயரமும் ரேக்கும் மாறினால் எல்லாக் கோணமும் மாறிவிடும். மாடல் பெயர் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஹெட் ட்யூப் 44 மி.மீ. உள்விட்டம். டேப்பர் (தண்டு அடியில் பருத்த) ஃபோர்க்கை ஏற்கும். ஹெட்செட் (ஃபோர்க் சுழலும் பேரிங் தொகுதி) பல கம்பெனிகளில் கிடைக்கும்.

பாட்டம் பிராக்கெட் பி.எஸ்.ஏ. வகை, 68 மி.மீ., மரை உள்ளது. டி47 கேட்டாலும் தவறில்லை, அதுவும் மரைதான். அடித்து இறக்கும் பிரஸ்ஃபிட் மட்டும் வேண்டாம். கிறீச் சத்தம் வரும், கழற்றப் பிரஸ் கருவி வேண்டும், நம் பக்கம் அது இருக்கும் கடை அரிது.

கேபிள். இன்றைய அழகு, எல்லாக் குழாயையும் ஹேண்டில்பாருக்குள்ளும் ஹெட்செட்டுக்குள்ளும் ஒளித்து வைப்பது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேல் பேரிங் ஒன்று மாற்ற வேண்டுமென்றால் பிரேக் ஹோஸைத் துண்டித்து, மறுபடி ஆயில் ஏற்றி, காற்று நீக்கி முடிக்க அரை நாள் ஆகும். மழையில் ஓட்டுகிறவர் பேரிங் மாற்றாமல் இருக்க முடியாது. டவுன் ட்யூபுக்கு (சாய்ந்து இறங்கும் கீழ்க் குழாய்) வெளியிலேயே கிளிப்பில் ஓடட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பின் சக்கரம் 12×142 த்ரூ ஆக்ஸில் (ஊடே செருகித் திருகும் அச்சு), டிஸ்க் பிரேக் ஃபிளாட் மவுன்ட் (பிரேமோடு தட்டையாகப் பொருத்தும் முறை), டயர் இடம் குறைந்தது 32 மி.மீ. முடிந்தால் 35. நம் கிராமச் சாலைகளில் தார் ஓரம் உடைந்துதான் இருக்கும். 25 டயரில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டிரெயிலியர் ஹேங்கர். பின் கியரைத் தாங்கும் சின்னத் தகடு இது. வண்டி ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்தால் வளைந்துவிடும். யு.டி.எச். எனப்படும் பொது வகை ஹேங்கர் கேளுங்கள், பல கடைகளில் கிடைக்கும். அவர்கள் சொந்த ஹேங்கர்தான் தருவார்கள் என்றால் கூடுதலாக இரண்டு வாங்கி அதே பெட்டியில் போடச் சொல்லுங்கள். தனியாக வரவழைத்தால் தகட்டின் விலையைவிடக் கூரியர் பல மடங்கு.

பாட்டில் மவுன்ட் மூன்று இடம், மட்கார்டு மாட்ட ஓட்டைகள். இவற்றைச் செய்யும்போதே கேட்டால் கூடுதல் செலவு சொற்பம், பிறகு சேர்க்கவே முடியாது. ஏப்ரல், மே வெயிலில் மூன்றாவது பாட்டில் ஆடம்பரம் இல்லை.

குழாய். ரோடு பிரேம்களில் வழக்கமாக வருவது கிரேடு 9; அதாவது 3 சதவீத அலுமினியமும் 2.5 சதவீத வனேடியமும் கலந்த டைட்டானியம். கிரேடு 5 இன்னும் கெட்டி, அதை டிராப்அவுட் (சக்கர அச்சு அமரும் இடம்) போன்ற இடங்களில் போடுவார்கள். டைட்டானியத்தின் விறைப்பு இரும்பில் ஏறக்குறைய பாதிதான். அதனால் குழாய் பெருத்தால்தான் பிரேம் நெளியாது. எடை கூடியவர்கள் டவுன் ட்யூபைப் பெரிய விட்டத்தில் கேட்கவும். உங்கள் எடையை உள்ளபடி சொல்லுங்கள். குழாயைத் தேர்ந்தெடுப்பதே அதை வைத்துத்தான்.

4. யாரிடம் கொடுப்பது

அமெரிக்காவில் கொலராடோவின் மூட்ஸ், டென்னசியின் லின்ஸ்கி போன்றவர்கள் பெயர் பெற்றவர்கள். வேலைப்பாடு அருமை, விலை நம் கைக்கு எட்டுவது கடினம். நம் நாட்டுக்காரர்கள் பெரும்பாலும் சீனாவுக்குத்தான் போகிறார்கள். வால்ட்லி, எக்ஸ்.ஏ.சி.டி. போன்ற கம்பெனிகள் தனி ஆளுக்கும் அளவுப்படி செய்து தருகின்றன. சீன பிரேம் ஆயிரம் அமெரிக்க டாலரைச் சுற்றித் தொடங்கி, ஃபோர்க், பாலிஷ், எழுத்து வேலை என்று சேர்க்கச் சேர்க்க ஏறும்.

யாராக இருந்தாலும் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். வரைபடத்தை எத்தனை முறை இலவசமாகத் திருத்துவீர்கள்? வெல்டிங் முடிந்து பாலிஷ் போடும் முன் போட்டோ அனுப்புவீர்களா? விரிசல் வந்தால் உத்தரவாதம் எத்தனை வருடம், அப்போது கூரியர் செலவு யாருடையது? பெட்டியின் அளவு என்ன?

இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் விலகிவிடுங்கள். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மை அடையும். அதனால் குழாயின் உள்ளேயும் வெளியேயும் ஆர்கான் வாயு பாய்ச்சி வெல்டிங் செய்ய வேண்டும். ஒழுங்காகச் செய்த தையல் வெள்ளி நிறத்திலோ இலேசான வைக்கோல் நிறத்திலோ இருக்கும். நீலம், ஊதா, சாம்பல், வெள்ளைப் பொடி தெரிந்தால் காப்பு வாயு போதவில்லை என்று பொருள். பாலிஷ் போட்டபின் இந்த அடையாளம் வெளியில் மறைந்துவிடும். அதனால் பாலிஷுக்கு முந்திய போட்டோவையும், ஹெட் ட்யூப், பாட்டம் பிராக்கெட் உள்பக்கப் போட்டோவையும் கேட்டு வாங்குங்கள்.

காலம்: தயாரிக்க ஆறிலிருந்து பத்து வாரம் என்று சொல்வார்கள். ஜனவரி, பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக்காகத் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும், அக்டோபர் முதல் வாரமும் விடுமுறை. ஜூலைக்குள் வரைபடத்தை முடித்து ஆகஸ்டில் பணம் கட்டினால், பனிக்காலத்தில் ஓட்ட வண்டி தயாராக இருக்கும். நவம்பரில் ஆர்டர் கொடுத்தால் வெயிலில்தான் முதல் ரைடு.

5. பணம் அனுப்புதல்

வங்கி வழி அனுப்பினால் புரோஃபார்மா இன்வாய்ஸ் (முன்கூட்டித் தரும் விலைப்பட்டியல்), பான் கார்டு, அவர்களுடைய விண்ணப்பப் படிவம் கேட்பார்கள். எல்லாக் கிளைகளும் அந்நியச் செலாவணி கையாளுவதில்லை. உங்கள் கிளையில் முதலில் அதை மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். பொருள் வந்தபின் அதற்கான பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கலான இறக்குமதிப் பத்திரம்) நகலை வங்கி கேட்கும், பத்திரப்படுத்துங்கள்.

கார்டில் கட்டுவது சுலபம். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டும். 2 முதல் 3.5 சதவீதம்வரை மார்க்கப்பும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் போகும். முன்பணம் பாதி, போட்டோ பார்த்தபின் மீதி என்று பேசிக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

6. கூரியரும் சுங்கமும்

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். காகிதம் சரியாக இருந்தால் பயப்பட எதுவும் இல்லை.

முதலில் பெயர். நம் ஊர் வழக்கத்தில் இதுதான் பெரிய பொறி. ஆதாரில் இனிஷியல் ஓர் எழுத்தாக இருக்கும். பான் கார்டில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும். இன்வாய்ஸில் ஏதோ ஒரு விதமாகப் பெயர் வந்து, மூன்றும் மூன்று மாதிரி இருந்தால் கே.ஒய்.சி. எனும் அடையாளச் சரிபார்ப்பு நிற்கும், பெட்டி கிடங்கில் தூங்கும். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே இன்வாய்ஸிலும் கூரியர் சீட்டிலும் எழுத்துக்கு எழுத்து போடச் சொல்லுங்கள். முகவரியில் பின்கோடும் போன் எண்ணும் கட்டாயம்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: ஆதார், பான் நகல், இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, வரைபடம், சொந்த உபயோகத்துக்கு என்ற கடிதம், கூரியர் கம்பெனி உங்கள் சார்பில் சுங்கத்தில் தாக்கல் செய்ய அனுமதிக் கடிதம். கடைசி இரண்டுக்கும் மாதிரிப் படிவம் அவர்களே அனுப்புவார்கள். இறக்குமதி செய்பவருக்கான ஐ.இ.சி. எண் வேண்டுமே என்று யாராவது மிரட்டலாம். வியாபாரத்துக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வரவழைப்பவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

சைக்கிள் பிரேம், ஃபோர்க் ஆகியவற்றின் சுங்கத் தலைப்பு 8714 91. இது இன்வாய்ஸில் அச்சாகி வரட்டும். பிரேம், சக்கரம், கியர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வரவழைத்தால் அதை முழு சைக்கிளாகக் கருதி வேறு தலைப்பில் வரி போடலாம். பிரேமும் ஃபோர்க்கும் ஹேங்கரும் மட்டும் வரட்டும். மற்றதை இங்கேயே வாங்குங்கள்.

வரி எப்படிப் போடுகிறார்கள்? பொருளின் விலையோடு கூரியர் செலவும் இன்சூரன்ஸும் சேர்த்த தொகைக்கு அடிப்படைச் சுங்கம். அந்தச் சுங்கத் தொகையில் 10 சதவீதம் சமூகநல மேல்வரி. இவை எல்லாம் கூட்டிய தொகைக்கு ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குப் போடும் ஜி.எஸ்.டி.). கணக்குப் புரிவதற்காக: பிரேம் 1,00,000 ரூபாய், கூரியரும் இன்சூரன்ஸும் 15,000, அடிப்படைச் சுங்கம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சுங்கம் 23,000. மேல்வரி 2,300. கூட்டினால் 1,40,300. அதில் ஐ.ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்றால் 7,015. ஆக வரி மட்டும் 32,315. சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நமக்குப் பெரிய நிம்மதி. சுங்க விகிதமும் மேல்வரியும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை. ஆர்டர் கொடுக்கும் வாரத்தில் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்திலுள்ள கணக்கியில் தலைப்பு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். வரியை முன்னால் கட்டியதற்கென்று கூரியர் கம்பெனி தனியாக ஒரு கட்டணம் வாங்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் யோசனை: கூரியர், வரி, கட்டணம் அத்தனைக்கும் பிரேம் விலையில் பாதியைத் தனியாக எடுத்து வையுங்கள். மீந்தால் டயர் வாங்கலாம்.

பெட்டி அளவை ஏன் கேட்கச் சொன்னேன் என்றால், விரைவுக் கூரியர் எடையைத் தராசில் மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதும் ஓர் எடை. 100×60×20 பெட்டி என்றால் 24 கிலோ. உள்ளே இருக்கும் பிரேம் ஒன்றரைக் கிலோதான். கட்டணம் 24 கிலோவுக்கு. ஃபோர்க்கைப் பிரேமின் முக்கோணத்துக்குள் கட்டி, பெட்டியை முடிந்தவரை ஒல்லியாக்கச் சொல்லுங்கள்.

"இன்வாய்ஸில் 200 டாலர் என்று போட்டுத் தரட்டுமா?" என்று சிலர் கேட்பார்கள். கிஃப்ட் என்று எழுதவும் தயாராக இருப்பார்கள். இரண்டுக்கும் மறுத்துவிடுங்கள். அதிகாரி விலையை மறுமதிப்பீடு செய்யலாம், அபராதம் போடலாம், பொருளைப் பறிமுதலும் செய்யலாம். வழியில் பெட்டி நசுங்கினால் இன்சூரன்ஸும் அந்த 200 டாலருக்குத்தான். உண்மை விலைக்கு உண்மை வரி கட்டி வாங்கிய பிரேமை யாரிடமும் தைரியமாகக் காட்டலாம்.

7. பெட்டி வந்ததும்

கூரியர் தம்பி நிற்கும்போதே பெட்டியின் ஆறு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு டேப்பால் அளந்து பாருங்கள். சக்கரம் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டி, இருபக்கமும் குழாய்க்கும் டயருக்கும் இடைவெளி சமமா என்று பாருங்கள். சக்கரத்தைத் திருப்பி மாட்டியும் பாருங்கள்: அப்போது இடைவெளி மறுபக்கம் போனால் கோட்டம் சக்கரத்தில், அதே பக்கம் நின்றால் பிரேமில். பாட்டம் பிராக்கெட் மரையில் கப்பை (பேரிங் கிண்ணம்) கையாலேயே சில சுற்று ஏற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். குறை தெரிந்தால் அன்றைக்கே மெயில். ஒரு பாகத்தை மாட்டிவிட்டால்கூட "பயன்படுத்திவிட்டீர்கள்" என்பார்கள்.

பிரேம் எண் பெரும்பாலும் பாட்டம் பிராக்கெட்டின் அடியில் இருக்கும். அதையும் போட்டோ எடுத்து, சுங்கக் காகிதத்தோடு சேர்த்து வையுங்கள். சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. திருட்டுப் போனால் போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் வண்டி என்று காட்ட இந்தக் காகிதம்தான் சாட்சி.

8. மற்ற பாகங்கள்

கியர் செட்டில் ஷிமானோ 105, 12 ஸ்பீடு, கேபிள் கியர், ஹைட்ராலிக் பிரேக் போதும். முன்னால் 50-34 பல், பின்னால் 11-34 பல். கடைசிப் பல்லில் ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். வத்தல்மலை ஏறும்போது அது ஆடம்பரமாகத் தெரியாது. பேட்டரி கியர் நன்றாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கேபிள் கியரில் ஒரு கேபிள் அறுந்தால் பத்து நிமிட வேலைதான்.

சக்கரத்தில் வளைந்த தலை உள்ள சாதாரண ஸ்போக், 28 எண்ணம், அலுமினிய ரிம். உதிரி ஸ்போக் ஆறு, முன்னுக்கும் பின்னுக்கும் உரிய நீளத்தில். ரிம் கோட்டம் எடுப்பதில் நம் ஊர்ப் பழைய சைக்கிள் கடைக்காரர்களுக்கு நிகர் யாரும் இல்லை. அவர் கையில் கொடுக்கக்கூடிய சக்கரம் வைத்திருப்பது பெரிய பலம்.

டயர் 32 மி.மீ. ட்யூப்லெஸ். வேலிகாத்தான் முள் இல்லாத சாலை நம் மாவட்டங்களில் இல்லை. உள்ளே சீலன்ட் ஊற்றினால் சின்ன முள் தானே அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 50, 55 பி.எஸ்.ஐ. காற்று போதும். பழைய பழக்கத்தில் நூறு அடிக்காதீர்கள்.

செலவைத் தோராயமாகச் சொன்னால்: பிரேமும் ஃபோர்க்கும் வீட்டு வாசல் வந்து சேர ஒன்றரை லட்சத்தை ஒட்டி, கியர் செட் எழுபது எண்பதாயிரம், சக்கரமும் டயரும் நாற்பதாயிரம், ஹேண்டில்பார், ஸ்டெம், சீட், சீட்போஸ்ட், பெடல், டேப் எல்லாம் முப்பதாயிரம். மூன்று லட்சம் கையில் இல்லாமல் தொடங்கினால் பிரேம் மட்டும் வந்து சுவரில் தொங்கும்.

9. அசெம்பிளி

ஹெட்செட் கப் அழுத்துவதையும் பிரேக் ஆயில் ஏற்றுவதையும் கடையில் பணம் கொடுத்துச் செய்யுங்கள். மற்றதை வீட்டில் செய்யலாம், செய்யவும் வேண்டும். பிரித்துக் கோத்த வண்டி நடுவழியில் நின்றாலும் கை பதறாது.

டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் தொடாதீர்கள். ஸ்டெம் போல்ட், சீட் கிளாம்ப் வழக்கமாக 5 நியூட்டன் மீட்டர். ஷிமானோ இடது கிராங்க் போல்ட் 12 முதல் 14. பி.எஸ்.ஏ. கப் 35 முதல் 50. கேசட் (பின் பற்சக்கரத் தொகுதி) லாக்ரிங், சென்டர்லாக் டிஸ்க் 40. பாகத்தின் மேல் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுதான் சரி.

டைட்டானியத்துக்கே உரிய கவனம் ஒன்று: அலுமினியமும் டைட்டானியமும் தொட்டுக்கொண்டு, இடையில் வியர்வை உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் பிடித்துக்கொள்ளும். வருடம் போனால் சீட்போஸ்ட்டை வெளியே எடுக்கவே முடியாது. பாட்டம் பிராக்கெட் கப், பாட்டில் போல்ட், அலுமினியச் சீட்போஸ்ட் எல்லாவற்றுக்கும் செம்புத்தூள் கலந்த ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் தடவுங்கள். சாதாரண கிரீஸ் கொஞ்ச நாளில் கழுவிப் போய்விடும். கார்பன் சீட்போஸ்ட் என்றால் அதற்கென்று உள்ள கார்பன் பேஸ்ட்.

பி.எஸ்.ஏ. வலது கப் எதிர்மரை. செயின் பக்கம் அது; இடது பக்கம் திருப்பினால்தான் ஏறும். வலுக்கட்டாயமாக நேர்மரையாக ஏற்றினால் பிரேமின் மரையே போகும். கார்பன் ஸ்டியரர் (ஃபோர்க்கின் மேல் தண்டு) உள்ள ஃபோர்க்கில் நட்சத்திர நட்டை அடித்து இறக்காதீர்கள், விரியும் பிளக் மட்டும். ஸ்டியரரை முதலில் நீளமாகவே விட்டு, மேலே ஸ்பேசர் வைத்துச் சில வாரம் ஓட்டி, உயரம் உறுதியான பின் வெட்டுங்கள். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். டாட் எனும் வேறு வகை பிரேக் திரவம் ஒரு சொட்டு போனாலும் சீல் கெடும்.

10. முதல் ஓட்டமும் அதன்பின் சாலையும்

டிஸ்க் பிரேக் முதல் நாளே பிடிக்காது. வண்டி குறைவான தெருவில் 25, 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, சக்கரம் பூட்டாமல் இறுக்கிப் பிடித்து மெதுவாக்குங்கள். முன், பின் தனித்தனியாக இருபது முறை. அதன் பிறகுதான் மலை இறக்கம். முதல் நூறு கிலோமீட்டர் முடிந்ததும் எல்லாப் போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள். சக்கரத்தைக் கோட்டம் பார்க்கக் கொடுங்கள். புதுச் சக்கரத்தின் ஸ்போக் தளர்வது இயல்பு.

புது வண்டியைப் பழக, தருமபுரிக்காரர்களுக்குப் பென்னாகரம் வழி ஒகேனக்கல் சாலை. போகும்போது கடைசியில் இறக்கம், திரும்பும்போது அதே இடம் ஏற்றம். கியரும் பிரேக்கும் ஒரே காலையில் சோதனை ஆகிவிடும். குரங்குகள் உண்டு, கைப்பையில் தின்பண்டம் தெரியாமல் வையுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் அணை, காவேரிப்பட்டணம் பக்கம் சமதளத்தில் தொடங்கலாம். ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, தளி என்று ஏறும் சாலைகள் நம் பக்கத்தின் ஆகச் சிறந்தவை. ஓசூர் மேட்டுநிலம் சுமார் 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரியில் வியர்த்துக் கிளம்பியவருக்கு அங்கே காற்றே வேறாக இருக்கும்.

தொப்பூர் கணவாயில் சைக்கிளை இறக்காதீர்கள். பிரேக் பிடிக்காமல் லாரிகள் வரும் இறக்கம் அது; உங்கள் வண்டி எத்தனை லட்சமானாலும் அங்கே உங்களுக்கு இடம் இல்லை. சேலம் போக வேண்டுமென்றால் ரயில் இருக்கிறது.

அஞ்செட்டி, ஒகேனக்கல் காட்டுச் சாலையிலும், ஜவளகிரி, தளி, சானமாவு பக்கத்திலும் யானை நடமாட்டம் உண்மை. ராகி விளையும் மாதங்களில் கூட்டமாக வயலுக்கு வரும். விடிந்து வெளிச்சம் வந்தபின் நுழையுங்கள், பொழுது சாயும் முன் வெளியே வாருங்கள். வனத்துறை சோதனைச் சாவடியில் நின்று "முன்னாடி ஏதும் நிக்குதாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. யானைக்கு நீங்கள் வருவது தெரியாது. ஆபத்தே அதில்தான்.

நீண்ட தூரம் ஆசை வந்தால் பெங்களூரு பக்கம் நடக்கும் பிரெவே ஓட்டங்கள் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர ஓட்டங்கள்) இருக்கின்றன. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி நேரம். முன், பின் விளக்கும் ஒளியை எதிரொளிக்கும் மேல்சட்டையும் தேவை.

பையில் எப்போதும்: ஒரு ட்யூப், பிளக் கிட் (ட்யூப்லெஸ் டயர் ஓட்டையை அடைக்க), பம்ப், செயின் கட்டரோடு உள்ள மல்டி டூல், 12 ஸ்பீடு குயிக் லிங்க் (செயினை இணைக்கும் கண்ணி), ஒரு ஹேங்கர். வருடம் ஒருமுறை, ஐப்பசி மழை ஓய்ந்ததும், சீட்போஸ்ட்டையும் பாட்டம் பிராக்கெட்டையும் கழற்றித் துடைத்துப் புதுப் பேஸ்ட் தடவி மாட்டுங்கள். அப்போதே ஹெட்செட் பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்து, சொரசொரப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.